ரகசிய அவசரத் திட்டம் கசிந்தால் அரசு என்ன செய்யும்? நெல்லைப் பக்கத்து ஆட்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

பாளையங்கோட்டையில் தகவல் உரிமை மனு எழுத வருகிறவர்களுக்கு உதவி செய்து வருகிறேன். ராதாபுரம், வள்ளியூர், திசையன்விளைப் பக்கமிருந்து பட்டா, முதியோர் பென்ஷன் என்று வேறு வேலையாக வருகிறவர்கள்கூட, மனு எழுதி முடித்த பிறகு கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் போவதில்லை. ஏதாவது ஆனால் என்ன செய்யணும் என்று ஒரு திட்டம் இருக்கிறதாமே, அதை ஏன் காட்ட மாட்டேன் என்கிறார்கள், யாராவது வெளியே விட்டால் என்ன ஆகும், அது நம் கைக்கு வந்தால் நமக்கு ஆபத்தா, இப்படித்தான் பேச்சு போகும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறேன்.

வெளிநாட்டுச் சம்பவங்கள் நிறைய வரும். காரணம், அங்கே பல திட்டங்கள் முதலில் கசிந்து, அரசு அதற்கு ஒரு பதில் சொல்லி, கொஞ்ச காலத்தில் அசல் ஆவணமும் வெளியே வந்துவிட்டது. அரசு சொன்னதையும் ஆவணத்தில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

அவசரகாலத் திட்டம்னா என்னது? நடக்கப் போறத முன்னாடியே தெரிஞ்சு எழுதி வைக்கிறதா?

இல்லை. நடந்தால் யார் எங்கே போகணும், யார் உத்தரவு போடணும், வண்டி எங்கிருந்து வரும், ஆஸ்பத்திரி எது என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான். நம்ம பாபநாசம் அணையின் முழு நீர்மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி, சேர்வலாறு 156 அடி. இன்றைக்கு எத்தனை அடி இருக்கிறது என்று தினமும் பேப்பரில் வருகிறது. அந்த அணைக்கு ஏதாவது ஆனால் தாமிரபரணிக் கரையில் எந்தெந்த ஊர் எவ்வளவு நேரத்தில் முழுகும் என்று கணக்குப் போட்டு வைப்பது அவசரச் செயல் திட்டம். 2021-இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம், பெரிய அணை ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு திட்டம் இருக்க வேண்டும் என்கிறது. அதனால் அணை உடையப் போகிறது என்று அர்த்தம் இல்லை. திட்டம் இருப்பது நல்ல விஷயம். இல்லாமல் இருந்தால்தான் பயப்படணும்.

அப்ப அத எதுக்கு ரகசியமா வைக்காங்க?

மூன்று காரணம் உண்டு, மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. முதலாவது பாதுகாப்பு. காவல் எங்கே நிற்கும், எந்த வழியாக உள்ளே போகலாம், எந்தக் கம்பியை வெட்டினால் என்ன நின்றுபோகும் என்பதெல்லாம் வெளியே தெரியக் கூடாது. இது நியாயம்தான், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. இரண்டாவது, திட்டம் இருக்கிறது என்று தெரிந்தாலே அந்த விபரீதம் நடந்துவிடும் என்ற நிலைமை. 2012-இல் கிரீஸ் நாடு யூரோ நாணயத்தை விட்டு வெளியே போனால் என்ன செய்வது என்று ஐரோப்பிய அதிகாரிகள் சிலர் மட்டும் சேர்ந்து 'பிளான் இசட்' என்று ஒன்று போட்டார்கள். 2014-இல்தான் பைனான்சியல் டைம்ஸ் பத்திரிகை மூலம் அதன் விவரம் வெளியே வந்தது. நடந்துகொண்டிருக்கும்போதே தெரிந்திருந்தால் கிரீஸில் மறுநாள் காலையில் வங்கி வாசலில் சனம் கூடியிருக்கும். இதையும் ஒத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். திட்டத்தில் ஓட்டை இருக்கும், அல்லது வெளியே சொல்லிக்கொண்டிருப்பதற்கு நேர் மாறாக உள்ளே எழுதி வைத்திருப்பார்கள். நான் பார்த்தவரையில் கசிவு வந்ததும் அரசு ரொம்பக் கோபப்படுவது இந்த மூன்றாவது வகைக்குத்தான்.

கசிஞ்ச உடனே அரசு மொதல்ல என்ன சொல்லும்?

நல்ல உதாரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் வெளியேறினால் என்னவாகும் என்று அந்த அரசே ஒரு திட்டம் போட்டிருந்தது. அதற்கு 'யெல்லோஹாமர்' என்று ஒரு குருவியின் பெயர். 2019 ஆகஸ்ட் 18-ஆம் தேதி சண்டே டைம்ஸ் பத்திரிகை அதை வெளியிட்டது. கடலைக் கடக்கும் லாரிகளில் 50 முதல் 85 சதவீதம் வரை அந்தப் பக்கத்துச் சுங்கச் சோதனைக்குத் தயாராக இருக்காது, சில வகைக் காய்கறி பழம் வரத்து குறையும், மருந்து வருவது தாமதமாகும் என்றெல்லாம் அதில் இருந்தது. வெளியே மந்திரிகள் எல்லாம் சமாளித்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

அன்றைக்கே வந்த பதில்கள் இவைதான்: இது பழைய காகிதம், இது மிக மோசமான நிலைமைக்கு மட்டும் போட்ட கணக்கு, வேண்டாத முன்னாள் மந்திரி யாரோ வேண்டுமென்றே வெளியே விட்டிருக்கிறார். கவனித்துப் பாருங்கள், மூன்றில் ஒன்றுகூட உள்ளே எழுதியிருப்பது தப்பு என்று சொல்லவில்லை. எந்த நாட்டிலும் இந்த வரிசைதான் வருகிறது. கசிவுச் செய்தி படிக்கும்போது அரசு மறுக்கிறதா, இல்லை பேச்சை மாற்றுகிறதா என்று முதலில் பாருங்கள்.

"அது பழைய டிராஃப்ட்"னு சொன்னா நம்பலாமா?

தேதியைப் பார்த்துவிட்டு நம்புங்கள். யெல்லோஹாமர் காகிதம் பிறகு அதிகாரபூர்வமாக வெளியே வந்தபோது அதில் இருந்த தேதி 2019 ஆகஸ்ட் 2. போரிஸ் ஜான்சன் பிரதமரானது ஜூலை 24. அவர் பதவிக்கு வந்த பிறகு எழுதியது எப்படிப் பழைய அரசின் காகிதமாகும்? முந்தைய நிதியமைச்சர் பிலிப் ஹாமண்ட், எங்கள்மேல் பழி போட்டதற்கு மன்னிப்புக் கேளுங்கள் என்று பிரதமருக்குக் கடிதமே எழுதினார்.

இன்னொன்றும் நடந்தது. அரசு வெளியிட்ட பிரதியின் தலைப்பில் 'நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய மிக மோசமான நிலை' என்று இருந்தது. முதலில் செய்தி போட்ட நிருபர், என் கையில் இருந்த பிரதியில் 'அடிப்படை நிலை' என்றுதான் தலைப்பு இருந்தது என்றார். உள்ளே இருந்த வாசகம் கிட்டத்தட்ட அப்படியே. தலைப்பில் ஒரு வார்த்தையை மாற்றினால் போதும், "பெரும்பாலும் இப்படித்தான் ஆகும்" என்ற காகிதம் "எப்போதாவது இப்படி ஆகலாம்" என்ற காகிதமாகிவிடும். அதனால் யாராவது திட்டத்தைக் காட்டினால் உள்ளே போவதற்கு முன் தலைப்பையும் தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு அத தானா வெளியிட்டுதா, யாராவது கேட்டு வாங்குனாங்களா?

கேட்டுத்தான் வாங்கினார்கள். செப்டம்பர் 9-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு நடந்தது, 311-க்கு 302 என்று தீர்மானம் நிறைவேறியது, 11-ஆம் தேதி அரசு வெளியிட்டது. அந்தத் தீர்மானம் அதிகாரிகள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட செய்திகளையும் கேட்டது, அதைத் தர மறுத்துவிட்டார்கள்.

கறுப்பு மை பூசிக் குடுக்காங்களே, அதுக்குள்ள என்னதான் இருக்கும்?

யெல்லோஹாமர் மொத்தமே சில பக்கம்தான். அதில் 15-ஆவது பத்தியை மட்டும் கறுப்பாக அடித்திருந்தார்கள், வணிக ரகசியம் என்று காரணம் சொன்னார்கள். ஆனால் அந்தப் பத்தியில் என்ன இருந்தது என்பது மூன்று வாரத்துக்கு முன்பே பேப்பரில் வந்துவிட்டது: இறக்குமதி வரி இல்லாமல் போவதால் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் மூட வேண்டி வரும், சுமார் 2,000 பேருக்கு வேலை போகும், வேலைநிறுத்தம் வரும், பெட்ரோல் டீசல் கிடைப்பதில் தட்டுப்பாடு வரும். நாட்டுக்கே தெரிந்த விஷயத்தின்மேல் மை பூசியிருக்கிறார்கள்.

எல்லா மையும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. முதலில் சொன்ன பாதுகாப்புக் காரணத்துக்காக மறைப்பதும் உண்டு. ஆனால் மறைத்த இடத்துக்குப் பக்கத்தில் எந்தச் சட்டப் பிரிவின்படி மறைத்தோம் என்று எழுதச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. நம்ம ஊர்ச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது, ஆர்.டி.ஐ. கேள்வியில் சொல்கிறேன்.

சரி, கூடங்குளத்துக்கு அந்த மாதிரி திட்டம் இருக்கா இல்லையா?

இருக்கிறது. இல்லாமல் உலை ஓட அனுமதியே கிடையாது. முதல் உலை 2013 ஜூலையிலும் இரண்டாவது உலை 2016 ஜூலையிலும் இயங்கத் தொடங்கின, ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட். நெருக்கடி நிலையத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும்வரை நிலையத்து அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள். வேலிக்கு வெளியே வந்துவிட்டால் பொறுப்பு மாவட்ட கலெக்டருக்கு வந்துவிடும். நிலையத்தைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டர் வரை யாரும் குடியிருக்கக் கூடாத பகுதி, 5 கிலோமீட்டர் வரை மக்கள்தொகை கட்டுப்பாடாக இருக்க வேண்டிய பகுதி, 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டத்துக்கு உட்பட்ட பகுதி. இடிந்தகரையும் கூடங்குளம் ஊரும் மட்டுமல்ல, ராதாபுரம் தாலுகாவின் பெரும்பகுதியும் பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டத்தில் கொஞ்சமும் அந்த வட்டத்துக்குள் வருகிறது.

வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்வது, அயோடின் மாத்திரை கொடுப்பது, ஊரைக் காலி செய்வது என்று படிப்படியாகத் திட்டம் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெளி ஒத்திகை, அதாவது நிலையத்துக்கு வெளியே ஊரில் செய்து பார்க்கும் ஒத்திகை, நடக்கணும் என்பது விதி. உலை தொடங்குவதற்கு முன் 2012 ஜூனில் நக்கனேரியில் அப்படி ஒரு ஒத்திகை நடந்தது. வட்டத்துக்குள் இத்தனை ஊர் இருக்க ஒரு ஊரில் மட்டும் நடத்தினால் எப்படி என்று அப்போதே கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்றைக்கும் நியாயமானது.

உள்ள இருக்க எங்களுக்கே தெரியாத திட்டம் எப்படி வேலை செய்யும்?

செய்யாது. இதை ஆவேசத்தில் சொல்லவில்லை, ஜப்பானில் நடந்திருக்கிறது. 2011 மார்ச் 11-இல் சுனாமி புகுஷிமா அணு உலையைத் தாக்கியது. காற்று எந்தப் பக்கம் அடிக்கும், கதிர்வீச்சு எந்த ஊர்மேல் போய் விழும் என்று முன்கூட்டியே கணக்குப் போட 'ஸ்பீடி' என்று ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாட்டை ஜப்பான் பல வருடமாகப் பெரும் செலவில் வைத்திருந்தது. அந்தச் சமயத்திலும் அது கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது, ஆனால் அந்தக் கணக்கை ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

உலைக்குப் பக்கத்து ஊர் நமியே. அங்கிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் உலையை விட்டுத் தள்ளிப் போகிறோம் என்று வடமேற்கே சுஷிமா என்ற மலைப்பகுதிக்குப் போனார்கள். கைக்குழந்தைகளோடு, வயசாளிகளோடு அங்கேயே தங்கினார்கள். மார்ச் 15-ஆம் தேதி காற்று அதே வடமேற்குப் பக்கம்தான் அடித்தது. வீட்டை விட்டு ஓடி, விஷம் வருகிற திசையில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு மார்ச் 14-ஆம் தேதியே அமெரிக்க ராணுவத்துக்குப் போய்விட்டது. சொந்த சனங்களுக்கு மார்ச் 23-ஆம் தேதிதான் வெளியிட்டார்கள்.

அயோடின் மாத்திரையும் அப்படியே. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியை மட்டும்தான் அது காக்கும், அதுவும் கதிர்வீச்சு படுவதற்குக் கொஞ்சம் முன்போ, பட்ட சில மணி நேரத்துக்குள்ளேயோ போட்டால்தான் பலன். எங்கே வைத்திருக்கிறார்கள், யார் கொண்டுவந்து தருவார்கள், குழந்தைக்கு எவ்வளவு என்பது கூத்தங்குழியில் இருக்கிற ஒரு தாய்க்குத் தெரியவில்லை என்றால் அந்த மாத்திரை குடோனில் இருந்து என்ன புண்ணியம்? நாம் ஏதாவது செய்ய வேண்டிய திட்டம் என்றால் அது நமக்குத் தெரிந்துதான் ஆகணும், இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

சொன்னா ஜனங்க பீதியாயிருவாங்கன்னு சொல்லுதாங்களே, அது நெசந்தானே?

அதே ஜப்பானில் இன்னொரு காகிதம் இருந்தது. அணுசக்தி ஆணையத்தின் தலைவர் ஷுன்சுகே கோண்டோ, பிரதமர் நவோதோ கான் கேட்டதன்பேரில் மார்ச் 25-ஆம் தேதி ஒரு கணக்குக் கொடுத்தார். எல்லாம் கையை மீறிப் போனால் 250 கிலோமீட்டர் தூரம் வரை மக்கள் வெளியேற வேண்டி வரலாம், டோக்கியோவும் அதற்குள் வந்துவிடும் என்று அதில் இருந்தது. கைக்கு வந்த சிலரைத் தவிர யாருக்கும் தெரியாமல், அப்படி ஒரு காகிதமே இல்லை என்கிற மாதிரி வைத்திருந்தார்கள். மாதக்கணக்கில் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. தேவையில்லாத கவலை வரும் என்று நினைத்தோம் என்றார்கள்.

டோக்கியோக் காகிதத்தை அந்த வாரமே வெளியிட்டிருந்தால் ரோடெல்லாம் அடைத்திருக்கும், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். அந்த முடிவு எடுத்தவர்கள் நிலையில் இருந்து பார்த்தால் சுலபம் இல்லை. ஆனால் நமியே மக்களுக்குக் காற்றின் திசையைச் சொல்லாததற்கு இந்தக் காரணம் பொருந்தாது. முன்னது பெரும்பாலும் நடக்காமல் போகக்கூடிய கணக்கு, பின்னது அன்றைக்கே அவர்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்த விஷயம். பீதி என்ற ஒரே வார்த்தையை வைத்து இரண்டையும் மூடினார்கள். அப்புறம் மறைத்தது தெரிந்ததும், அரசு எதைச் சொன்னாலும் நம்ப ஆள் இல்லாமல் போனது.

நம்ம ஊருல இந்த மாதிரி எதுவும் வெளிய வந்து, அரசு மாட்டிக்கிட்டது உண்டா?

உண்டு. இது அவசரத் திட்டம் கசிந்த கதை இல்லை, நெருக்கடித் தகவல் வெளியான கதை. 2019 அக்டோபர் கடைசியில், கூடங்குளம் நிலையத்துக் கம்ப்யூட்டருக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று இணையப் பாதுகாப்பு ஆட்கள் வெளிப்படையாக எழுதத் தொடங்கினார்கள். அக்டோபர் 29-ஆம் தேதி நிலையத்தின் தரப்பில் ஒரு அறிக்கை வந்தது: பொய்த் தகவல் பரவுகிறது, கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்கள் தனித்து இயங்குபவை, வெளி நெட்வொர்க்கோடு இணைப்பு இல்லை, தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை.

மறுநாள் 30-ஆம் தேதி, நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகமே இன்னொரு அறிக்கை விட்டது. தீங்கு செய்யும் மென்பொருள் கண்டுபிடிக்கப்பட்டது உண்மைதான், செப்டம்பர் 4-ஆம் தேதியே தகவல் வந்துவிட்டது, நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைத்திருந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தது, உலையின் கட்டுப்பாட்டுக்குப் பாதிப்பு இல்லை என்றார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதல் அறிக்கையில் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொன்னது சரியாகவே இருக்கலாம், ஆனால் கேள்வி அது மட்டும் இல்லையே, நிலையத்துக்குள் ஒன்று நுழைந்ததா என்பதுதானே. எட்டு வாரமாக உள்ளே தெரிந்த விஷயத்தை, வெளியே யாரோ சொன்ன பிறகு, முதல் நாள் பொய் என்று சொல்லி இரண்டாம் நாள் ஒத்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் சொன்னதை முதல் நாளே சொல்லியிருந்தால் இடிந்தகரையில் ஒருத்தரும் தூக்கம் கெட்டிருக்க மாட்டார்கள்.

ஆர்.டி.ஐ. போட்டா திட்டத்தக் குடுத்துருவாங்களா?

முழுசாகக் கிடைக்காது, ஆனால் போடாமல் இருக்காதீர்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில், உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். மறுப்பதற்கு அவர்கள் வழக்கமாகக் காட்டுவது பிரிவு 8(1)(அ), அதாவது நாட்டின் பாதுகாப்பு, இல்லையென்றால் 8(1)(ஈ), வணிக ரகசியம். (ஆங்கில நகலில் இவை ஏ, டி என்று இருக்கும்.) அதற்கு நம் கையில் மூன்று பதில் உண்டு. பிரிவு 10, மறைக்க வேண்டியதை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தரச் சொல்கிறது. பிரிவு 8(2), பொதுநலன் பெரியதாக இருந்தால் அலுவல் ரகசியச் சட்டம் (அரசு ரகசியத்தை வெளியே விட்டால் தண்டிக்கும் சட்டம்) இருந்தாலும் தரலாம் என்கிறது. பிரிவு 22, ரகசியச் சட்டத்துக்கு மேலே தகவல் உரிமைச் சட்டம்தான் நிற்கும் என்கிறது.

கூடங்குளத்தின் பாதுகாப்பு ஆய்வு அறிக்கையையும் இட மதிப்பீட்டு அறிக்கையையும் அணு உலை எதிர்ப்புப் போராட்டத்தை முன்னின்று நடத்திய சுப.உதயகுமார் கேட்டார், அணுமின் கழகம் மறுத்தது. 2012 ஏப்ரல் 30-ஆம் தேதி மத்தியத் தகவல் ஆணையர் சைலேஷ் காந்தி, வெளியிடுங்கள் என்று உத்தரவு போட்டார். அதற்கு எதிராகக் கழகம் தில்லி உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. அதனால் ஒரேயடியாக "திட்டம் வேண்டும்" என்று கேட்காதீர்கள், துண்டு துண்டாகக் கேளுங்கள். எப்படி என்று கடைசிக் கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

எனக்கு வாட்ஸ்அப்ல அந்த மாதிரி ஒரு பேப்பர் வந்தா நான் மாட்டுவனா?

ஜாக்கிரதையாக இருங்கள். 1923-இல் வெள்ளைக்காரன் போட்ட அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 5-ஆவது பிரிவு கொடுத்தவரை மட்டுமல்ல, ரகசியம் என்று தெரிந்தே வாங்கி வைத்துக்கொண்டவரையும் பிடிக்கும், மூன்று வருடம் வரை சிறை. இதில் இன்னொரு கஷ்டம், எது ரகசியம் என்று முடிவு செய்வதும் வழக்குப் போடுவதும் ஒரே தரப்புதான். 2002-இல் இப்திகார் கிலானி என்ற பத்திரிகையாளரைத் தில்லியில் இந்தச் சட்டத்தில் பிடித்தார்கள். அவர் கம்ப்யூட்டரில் இருந்தது ஏற்கெனவே வெளியான, யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய ஒரு கட்டுரை. அதைத் தெரிந்துகொண்டு வழக்கை வாபஸ் வாங்குவதற்குள் ஏழு மாதம் திகார் சிறையில் இருந்தார்.

பொய்யாக இருந்தாலும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் 54-ஆவது பிரிவு, பீதி கிளப்பும் பொய் எச்சரிக்கையைப் பரப்பினால் ஒரு வருடம் வரை சிறை என்கிறது. அதனால் வந்ததை நாலு குரூப்புக்கு அனுப்பி வைக்காதீர்கள். முக்கியமானது என்று பட்டால் ஒரு வக்கீலிடமோ அனுபவமுள்ள நிருபரிடமோ நேரில் பேசுங்கள்.

பேப்பர்காரங்க போட்டா மட்டும் எப்படித் தப்பிக்காங்க?

தப்பிப்பது நிச்சயம் இல்லை, ஆனால் அவர்கள் பக்கம் நீதிமன்றம் நின்றிருக்கிறது. 2019-இல் ரஃபேல் போர் விமானப் பேரம் பற்றிய பாதுகாப்பு அமைச்சக ஆவணங்களை என்.ராம் தி இந்துவில் வெளியிட்டார். மார்ச் 6-ஆம் தேதி மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில், ஆவணங்கள் திருடப்பட்டவை என்றார். ஒன்றிரண்டு நாளில், அசல் திருடு போகவில்லை, நகலைத்தான் சொன்னேன் என்று விளக்கம் வந்தது. திருட்டு என்று சொன்னால், போலி இல்லை என்று அரசே ஒத்துக்கொண்ட மாதிரிதான் என்பதை அப்போது பலரும் கவனித்தார்கள். ஏப்ரல் 10-ஆம் தேதி மூன்று நீதிபதிகளும், வெளியான ஆவணங்களை வைத்து, ரஃபேல் தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொன்ன சீராய்வு மனுக்களை விசாரிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் அந்தச் சீராய்வு மனுக்கள் தள்ளுபடியாயின, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எப்படி வந்தது என்பதைக் காட்டி ஒரு ஆவணத்தையே பார்க்காதே என்று அரசு சொல்ல முடியவில்லை.

வெளிய விட்ட ஆபீசருக்கு என்ன ஆகும்?

நம்ம நாட்டில் சஸ்பெண்ட், விசாரணை, வழக்கு. ஊழலை வெளியே சொல்கிறவர்களைக் காக்க 2014-இல் ஒரு சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, இன்னும் அதை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. இங்கிலாந்தில் 2019 மே 1-ஆம் தேதி, அந்த நாட்டுத் தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலில் ஹுவாவே என்ற சீனத் தொலைத்தொடர்புக் கம்பெனி பற்றிப் பேசியது வெளியே போனதற்காகப் பாதுகாப்பு மந்திரி கேவின் வில்லியம்சனையே பதவி நீக்கினார்கள், நான் இல்லை என்று அவர் கடைசிவரை சொன்னார்.

ஆளைத் தேடுவதிலேயே மொத்தக் கவனமும் போய்விடுவதுதான் எனக்கு வருத்தம். 1963 ஈஸ்டர் சமயத்தில், அணுகுண்டுப் போர் வந்தால் அரசு அதிகாரிகள் ஒளிந்துகொண்டு ஆட்சி நடத்த இங்கிலாந்தில் தரைக்கடியில் ரகசிய நிலையங்கள் இருக்கின்றன என்று 'அமைதிக்கான ஒற்றர்கள்' என்ற பெயரில் துண்டுப் பிரசுரம் வந்தது. போலீஸ் எவ்வளவோ தேடியும் எழுதியவர்கள்மேல் வழக்குப் போட முடியவில்லை. சாதாரண சனங்கள் எங்கே ஒளிவது என்ற கேள்விக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

வெளிய வந்துட்டா திட்டமே பாழாப் போயிரும்லா?

சிலது போகும். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவில் கிரீன்பிரையர் என்ற பெரிய ஓட்டலுக்கு அடியில், போர் வந்தால் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்க ஒரு பதுங்கு அறை முப்பது வருடமாக ரகசியமாக இருந்தது. 1992-இல் வாஷிங்டன் போஸ்ட் எழுதியதும் அதைக் கைவிட்டுவிட்டார்கள். இடம் தெரிந்தால் பயன் இல்லாத திட்டம் அது. ஆனால் வெள்ளம், தொற்றுநோய், அணு உலை மாதிரி விஷயங்களில் எதிரியிடம் மறைக்க வேண்டிய பகுதி சின்னது, நம்மிடம் சொல்ல வேண்டிய பகுதி பெரியது.

மறைத்துக் கெட்டதும் உண்டு. 2016 அக்டோபரில் இங்கிலாந்து 'சிக்னஸ்' என்று ஒரு ஒத்திகை நடத்தியது, பெரும் காய்ச்சல் பரவினால் தாங்குவோமா என்று பார்க்க. தாங்க மாட்டோம் என்று அறிக்கை சொன்னது. அதை வெளியிட மறுத்துக்கொண்டே வந்தார்கள். 2020 மே மாதம், கொரோனாவில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது கார்டியன் பத்திரிகைக்குக் கசிந்தது, அக்டோபரில் அரசே வெளியிட்டது. முதியோர் இல்லங்கள் எப்படிச் சமாளிக்கும் என்ற கவலையும் அதில் இருந்தது. 2017-இலேயே அது ஊரில் எல்லோர் கண்ணிலும் பட்டிருந்தால், சரி செய்யுங்கள் என்று கேட்க ஆள் இருந்திருப்பார்கள்.

வந்தது நெசமான கசிவா, எவனாவது கட்டிவிட்டதான்னு எப்படிக் கண்டுபிடிக்க?

அசல் திட்டம் படிக்கச் சப்பென்று இருக்கும். பதவிப் பெயர், பொறுப்பு, அட்டவணை, வண்டி எண்ணிக்கை என்று போகும். "உடனே எல்லோருக்கும் பகிருங்கள்" என்று எந்தத் தாசில்தாரும் எழுத மாட்டார். தேதியும் துறையும் இருக்கிறதா, அந்தப் பதவி உண்மையில் உண்டா, ஊர்ப் பெயர் சரியா என்று பாருங்கள். கூட்டப்புளியைத் தூத்துக்குடி மாவட்டத்தில் கொண்டுபோய் வைத்திருந்தால் எழுதியவன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. அப்புறம் மேலே சொன்னதுதான், அரசு என்ன பதில் சொல்கிறது என்று கவனியுங்கள். "போலி" என்பதற்கும் "பழையது" என்பதற்கும் ரொம்ப தூரம்.

அப்ப நாங்க கசிவுக்குக் காத்திருக்காம என்னத்தக் கேக்கணும்?

கலெக்டர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு, இவற்றைத் தனித்தனிக் கேள்வியாகக் கேளுங்கள்: கடைசியாக வெளி ஒத்திகை எந்தத் தேதியில் எந்த ஊரில் நடந்தது, அதன் குறைநிறை அறிக்கையின் நகல், எங்கள் ஊர்க்காரர்கள் போக வேண்டிய வழி, தங்க வேண்டிய இடம், எத்தனை பஸ், யார் அனுப்புவது, அயோடின் மாத்திரை எங்கே இருக்கிறது, காலாவதித் தேதி என்ன, எச்சரிக்கை எப்படி வரும், மைக்கா, சைரனா, செல்போன் செய்தியா, கடலுக்குப் போனவர்களுக்கு யார் தகவல் சொல்வது. இதில் ஒன்றுகூடப் பாதுகாப்பு ரகசியம் ஆகாது. மறுத்தால் எந்தப் பிரிவில் மறுக்கிறார்கள் என்று எழுதித் தர வேண்டும், பிரிவு 10-இன்படி மீதியைக் கேட்டு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள், அதற்கும் சரியான பதில் வராவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு.

கிராமசபைக் கூட்டத்திலும் இதையே தீர்மானமாகப் போடலாம். ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் அணுமின் நிலையம் என்ற இடத்தில் பாபநாசம் அணை, மணிமுத்தாறு அணை என்று மாற்றிக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்து, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சுமார் 800 பேர் மாட்டிக்கொண்ட பிறகு அந்தக் கேள்விகளைத் தள்ளிப்போட நியாயம் எதுவும் இல்லை. மனு மாதிரி வேண்டுமென்றால் எழுதி வைத்திருக்கிறேன், ஊர்ப் பெயரும் தேதியும் போட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும்.